தேருக்குச் சீலை தைக்கிறோம்: நன்கொடை வேண்டுகோள்

முருகன் துணை

ஊர்ப் பெரியவர்களுக்கும், தாய்மார்களுக்கும், வெளியூரில் இருக்கும் நம் பிள்ளைகளுக்கும் வணக்கம்.

வைகாசி விசாகக் கொடியேற்றத்துக்கு இன்னும் 38 நாள்தான் இருக்கிறது. தேரைச் சுற்றி உருளையாகத் தொங்கும் துணி அலங்காரம்தான் தொம்பை. கும்பகோணத்திலிருந்து வரும் தொம்பை வேலைக்காரர்கள் இருவரும் 30 நாள் வேலை என்கிறார்கள். அப்படியென்றால் வரும் வெள்ளிக்கிழமைக்குள் துணி முழுவதையும் வாங்கி அவர்கள் முன்னால் வைத்தாக வேண்டும். தேவை ₹1,85,000. கையில் இருப்பது ₹1,12,400. இன்னும் ₹72,600 குறைகிறது.

போன வருடம் வடம் பிடித்தவர்களுக்கு நாங்கள் எதையும் சொல்லிப் புரியவைக்க வேண்டியதில்லை. தெற்கு வீதி முனையில் முட்டுக்கட்டை கொடுத்ததும் தேர் ஒரு குலுக்கு குலுங்கியது. வலது பக்கத் தொம்பை மேல் வளையத்திலிருந்து பிய்ந்து, தேர் நிலைக்கு வரும்வரை பாதி தொங்கிக்கொண்டே வந்தது. வெளியூர்ப் பையன்கள் அதை மொபைலில் படம் பிடித்தார்கள். சாமிக்கு இதனால் ஒரு குறையும் இல்லை. நமக்குத்தான் முகம் சுருங்கிப் போனது.

அந்தத் தொம்பைகள் 1962-ல் தைத்தவை. சிவப்பு, வெள்ளை, பச்சை, மஞ்சள், கறுப்பு என்று ஐந்து நிறத் துணி. யாளி, அன்னம், தாமரை என ஒவ்வொன்றையும் தனித்தனியாக வெட்டி, காடாத் துணிமேல் வைத்துக் கையால் தைத்தது. தஞ்சையை மராட்டிய மன்னர்கள் ஆண்ட 1676 முதல் 1855 வரையிலான காலத்தில் இந்த ஒட்டுத்துணி வேலை செழித்தது என்பார்கள். திருவாரூர் ஆழித்தேர் அலங்காரத்தோடு 96 அடி. அதற்கு முன்னால் நம் தேர் கைக்குழந்தை, 28 அடிதான். ஆனால் சீலை அழகில் நம் தேருக்கு ஈடு கிடையாது என்று அந்தக் காலத்தில் சுற்றுப்பட்ட ஊர்களே ஒப்புக்கொள்ளும். கீழவீதிப் பெரியவர் இதைச் சொல்லும்போது இன்றைக்கும் அவர் குரல் ஏறும். முதல் வருடம் அந்தத் தொம்பையைத் தோளில் சுமந்து வந்தவர் அவர். நான்கு வருடத்துக்கு முன் மண்டபம் ஒழுகித் தண்ணீர் இறங்கியது. அப்புறம் எலி. இனி ஒட்டுப்போட இடமில்லை.

சரி, கடையிலேயே புதிதாக வாங்கிவிடலாமே என்று சிலர் கேட்டார்கள். விசாரித்தோம். முழு செட் ₹4,20,000. அப்போதுதான் டீச்சரம்மா, "தைக்கிறதை நாம தைப்போம், கட்டுறதுக்கு மட்டும் ஆள் கூப்பிடுங்க" என்றார்கள்.

டீச்சரம்மாவைத் தெரியாத வீடு நம் ஊரில் இல்லை. கணக்கு டீச்சராக இருந்து 2014-ல் ஓய்வு பெற்றவர்கள். அன்று முதல் அவர்களுக்கு ஊசி நூல்தான் பொழுது. வீட்டு அலமாரியில் ஹார்லிக்ஸ் பாட்டில் வரிசையாக நிற்கும். ஒவ்வொன்றிலும் ஒரு நிறத் துண்டுத் துணி. நம் தெருக்களில் குழந்தை பிறந்தால், அந்த வீட்டுப் பாட்டியின் பழைய சேலையில் விரிப்பு தைத்துக் கொடுப்பார்கள். இதுவரை 37 குழந்தைகள் அதில் படுத்துத் தூங்கியிருக்கின்றன. 2018-ல் யாத்திரையாகப் புரிக்குப் போனவர்கள், வழியில் பிப்ளி என்ற ஊரில் இறங்கி அரை நாள் உட்கார்ந்துவிட்டார்கள். அங்கே செய்யும் ஒட்டுத்துணி வேலைக்குச் சந்துவா என்று பெயர், நம் தொம்பைக்கு ஒன்றுவிட்ட அக்காள் மாதிரி. ஜகந்நாதர் தேருக்குச் சிவப்பும் மஞ்சளும், பலபத்திரருக்குச் சிவப்பும் பச்சையும், சுபத்திரைக்குச் சிவப்பும் கறுப்பும் என்று நிறம் பிரித்திருப்பதைக் கோடு போட்ட நோட்டில் வரைந்துகொண்டு வந்தார்கள். பாதியில் நிற்கும் மூன்று விரிப்புகளைப் பெட்டியில் மடித்து வைத்துவிட்டு, இப்போது தேர் வேலைக்கு வந்திருக்கிறார்கள். அவர்களோடு 14 பெண்கள் செவ்வாயும் வெள்ளியும் தெற்குப் பிரகாரத்தில் உட்கார்ந்து தைக்கிறார்கள். யாரும் ஒரு ரூபாய் கூலி வாங்கவில்லை.

ஒரு விஷயம் சொல்ல வேண்டும். இந்த முறை சுவாமிக்கு நேர் மேலே வரும் மேற்கட்டியின் உள்பக்கம் நம் வீட்டுத் துணிகளால் ஆனது. ஊரில் 208 தலைக்கட்டு. வீட்டுக்கு ஒரு கட்டம். அகலத்தில் 16, நீளத்தில் 14, நடுவே தாமரைக்கு 16 கட்டம் விட்டால் சரியாக 208 என்று டீச்சரம்மா கணக்குப் போட்டுக் காட்டியபோது எங்களுக்கு மெய்சிலிர்த்தது. துணியை ஏழங்குலச் சதுரமாக வெட்டி, நாலு பக்கமும் அரை அங்குலம் தையலுக்குள் போனால் கட்டம் ஆறங்குலம். அவர்கள் அரை அங்குலத்தைக் கண்ணால் அளப்பதில்லை. பழைய தபால் அட்டையில் வெட்டிய அச்சை வைத்து, பென்சிலால் கோடு போட்டு, ஓட்டுத்தையல் ஓட்டி, நகத்தால் மடிப்பை அழுத்தித் திருப்புகிறார்கள். தொம்பையின் மேல் வளையத்துக்கு மட்டும் இரட்டைக் காடா, அதன்மேல் நாடா, மூன்று வரிசைத் தையல். போன வருடம் பிய்ந்தது அந்த இடம்தான்.

செலவுக் கணக்கு இது. காடாத் துணி 160 மீட்டர் ₹12,000. நிறத் துணி 160 மீட்டர் ₹24,000. வெல்வெட் ₹10,000. ஜரிகை, நூல், கண்ணாடி, குஞ்சம் ₹19,000. எட்டுத் தொம்பைக்கும் பிரம்பு வளையம் ₹12,000. மழை தாங்கும் உள்துணி ₹16,000. வேலைக்காரர் இருவருக்கு 30 நாள் கூலி ₹72,000. மெஷின் ரிப்பேர், வண்டி, சாப்பாடு ₹20,000. இன்னும் உயரமாகக் கட்டலாம் என்று இளைஞர்கள் ஆசைப்பட்டார்கள். 2022 ஏப்ரலில் தஞ்சை களிமேட்டில் தேர் உச்சி மின்கம்பியில் பட்டு 11 உயிர் போனதை நாம் மறக்கக் கூடாது. 28 அடிக்கு மேல் ஒரு அங்குலமும் கிடையாது.

இதுவரை கொடுத்தவர்களை நினைத்தால் நெஞ்சு நிறைகிறது. தலைக்கட்டுக்கு ₹500 வீதம் 131 வீடுகள் கொடுத்து ₹65,500 சேர்ந்தது. சிங்கப்பூரில் இருக்கும் சகோதரர்கள் மூவர் ₹25,000 அனுப்பினார்கள். அவர்கள் அப்பா வடம் பிடித்துக் கை காய்த்தவர். ஓய்வு பெற்ற கண்டக்டர் ஐயா பென்ஷனிலிருந்து ₹10,000 எடுத்துக் கொடுத்து, பெயர் போட வேண்டாம் என்றார். பால்காரர் குடும்பம் ₹5,000. பத்தாம் வகுப்புப் பிள்ளைகள் உண்டியல் உடைத்து ₹640. சிறு தொகைகளாக ₹6,260. மேலவீதி ஆச்சி ஒருவர் பணமில்லை என்று தன் கூறைப்புடவையையே கொண்டுவந்து வைத்தார். அதன் ஜரிகைக் கரைதான் தாமரையைச் சுற்றி வரப் போகிறது. இவர்கள் எல்லோருக்கும் முருகன் குறைவில்லாமல் கொடுக்கட்டும்.

மீதி 77 தலைக்கட்டும் கொடுத்தால் ₹38,500 ஆகிவிடும். பிறகு ₹34,100-தான் பாக்கி. அதற்கு வெளியூரில் நல்ல நிலையில் இருக்கும் நம் பிள்ளைகளை நம்பியிருக்கிறோம். கஷ்டத்தில் இருக்கும் வீடுகளை நாங்கள் கேட்கவில்லை, அவர்கள் துணி மட்டும் தந்தால் போதும். ஆனால் காதுகுத்துக்குப் பந்தலும் பாட்டுக் கச்சேரியும் வைத்த வீடுகளிலும் எங்கள் ரசீதுப் புத்தகம் மூன்று முறை திரும்பி வந்திருக்கிறது. மனம் பொறுக்காமல்தான் எழுதுகிறோம். 150 வீடுகளின் துணி வந்துவிட்டது. 58 கட்டம் இன்னும் வெறும் காடாவாக இருக்கிறது. தேர் ஓடும்போது சுவாமிக்கு மேலே அந்த வெள்ளை நம் எல்லோர் கண்ணிலும் படும். எந்த வீடு என்று யாரும் யாரையும் கேட்க மாட்டார்கள், அந்தந்த வீட்டுக்குத் தெரியும்.

பணத்தைக் கோயில் அலுவலகத்தில் காலை 8 முதல் 11 வரை கட்டி ரசீது வாங்கிக்கொள்ளுங்கள். வெளியூர்க்காரர்கள் இங்குள்ள சொந்தக்காரர் மூலம் அனுப்பலாம். துணி பருத்தியாகவோ பட்டாகவோ இருக்கட்டும். நைலான் வேண்டாம், இஸ்திரிப் பெட்டி பட்டால் சுருங்கிவிடும். துவைத்துக் கொடுங்கள், வெட்டாமல் கொடுங்கள். தைக்க வர விருப்பமுள்ள பெண்கள் வெள்ளிக்கிழமை மூன்று மணிக்குத் தெற்குப் பிரகாரத்துக்கு வாருங்கள். ஊசியும் நூலும் அங்கே இருக்கிறது. கண்ணாடி போடுகிறவர்கள் அதை மறக்காமல் எடுத்து வாருங்கள்.

இப்படிக்கு,
தேர்ச்சீலைத் திருப்பணிக் குழுவினர்