தேவையின்றி மாற்றப்பட்ட ஏபிஎஸ் மாட்யூலும் மீட்டர் கன்சோலும்: பணத்தைத் திருப்பித் தரக் கோரி

பெறுநர்
வாடிக்கையாளர் சேவைப் பிரிவுத் தலைவர் அவர்கள்

ஐயா,

தங்கள் நிறுவனத்தின் காரை நான்கு ஆண்டுகளாகத் திருச்சியில் ஓட்டி வருகிறேன். கடந்த மூன்று மாதங்களில் தங்கள் அங்கீகாரம் பெற்ற சர்வீஸ் சென்டர் என்னிடம் 61,500 ரூபாய் வாங்கிக்கொண்டு, பழுதில்லாத இரண்டு பாகங்களை மாற்றியிருக்கிறது.

மதுரைக்குப் போகும்போதெல்லாம், ஏசி ஒரு மணி நேரம் ஓடித் துவரங்குறிச்சியை நெருங்கும் வேளையில், ஏபிஎஸ் (பிரேக் பிடிக்கும்போது சக்கரங்கள் இறுகி நின்றுவிடாமல் தடுக்கும் அமைப்பு) விளக்கு எரியும், ஸ்பீடோமீட்டர் முள் பூஜ்யத்தில் விழும், ஸ்டீயரிங் கனத்துவிடும். மறுநாள் காலையில் எல்லாம் சரியாக இருக்கும். இதை, ஏசி பற்றிய விவரம் உட்பட, சர்வீஸ் அட்வைசரிடம் சொன்னேன். ஜாப் கார்டில் "ஏபிஎஸ் விளக்கு எரிகிறது" என்று மட்டுமே எழுதப்பட்டது.

ஸ்கேனரில் யூ0121 என்ற கோடு வந்தது. ஏபிஎஸ் மாட்யூலிடமிருந்து, அதாவது அந்த அமைப்பை இயக்கும் சிறு கணினியிடமிருந்து, செய்தி வரவில்லை என்று மற்ற மாட்யூல்கள் சொல்கின்றன என்பதே அதன் பொருள். அந்த மாட்யூல் கெட்டுவிட்டது என்பதல்ல. பேசுபவர் மயங்கினாலும் தொலைபேசிக் கம்பி அறுந்தாலும் மறுமுனையில் கேட்பது ஒரே மௌனம்தான். கம்பியைச் சோதிக்காமலே 42,600 ரூபாய்க்கு மாட்யூலை மாற்றினார்கள். பத்து நாளில் பழுது திரும்பியபோது, ஸ்பீடோமீட்டர் விழுவதைக் காரணம் காட்டி 18,900 ரூபாய்க்கு மீட்டர் கன்சோலையும் மாற்றினார்கள். வேகத்தை மீட்டர் தானாக அளப்பதில்லை, மாட்யூல்கள் ஒன்றோடொன்று பேசும் வயர் இணைப்பான கேன் நெட்வொர்க் வழியாக ஏபிஎஸ் மாட்யூல் அனுப்பும் எண்ணைத்தான் காட்டுகிறது என்பது தங்கள் பொறியாளர்களுக்கு நான் சொல்லித் தெரிய வேண்டியதில்லை.

அதன் பிறகும் பழுது தீராததால் வெளியே ஓர் ஆட்டோ எலக்ட்ரீஷியனிடம் போனேன். அவர் ஏசியை ஒரு மணி நேரம் ஓடவிட்டு, பேட்டரி இணைப்பைக் கழற்றி, ஸ்டீயரிங்குக்குக் கீழே உள்ள ஸ்கேனர் மாட்டும் டயக்னாஸ்டிக் போர்ட்டில் 6, 14 ஆகிய பின்களுக்கு இடையே மல்டிமீட்டரை வைத்தார். கேன் இணைப்பின் இரு முனைகளிலும் தலா ஒரு 120 ஓம் ரெசிஸ்டர் (மின்தடை) இணையாக இருப்பதால் 60 ஓம் காட்ட வேண்டும், காட்டியதோ 120. ஒரு முனை துண்டிக்கப்பட்டிருக்கிறது என்பது இரண்டு நிமிடத்தில் தெரிந்துவிட்டது. இடப்பக்க முன்சீட்டின் கால்விரிப்பைத் தூக்கினால் அடியில் தண்ணீர் தேங்கி, ஏபிஎஸ் மாட்யூலுக்குப் போகும் வயர்களின் கனெக்டர் களிம்பேறிக் கிடந்தது. ஏசித் தண்ணீரை வெளியேற்றும் குழாய் கழன்றிருந்தது. பழுது தொடங்குவதற்கு முந்தைய மாதம்தான் தங்கள் சர்வீஸ் சென்டரில் ஏசி சர்வீஸ் செய்திருந்தேன். இடையில் வேறு யாரும் அந்த இடத்தைத் தொடவில்லை. குழாயை மாட்டி, கனெக்டரை மாற்ற அவர் வாங்கியது 1,200 ரூபாய். அன்றிலிருந்து விளக்கு எரியவில்லை.

ஆகவே, 61,500 ரூபாயையும் இந்த 1,200 ரூபாயையும் திருப்பித் தருமாறு கேட்டுக்கொள்கிறேன். கழற்றிய பழைய பாகங்களை இருமுறை கேட்டும் என்னிடம் தரவில்லை. அவற்றையும் ஒப்படைக்க வேண்டும். 48,212 கிலோமீட்டர் ஓடிய காரின் புதிய மீட்டர் பூஜ்யத்திலிருந்து எண்ணத் தொடங்கியுள்ளது. நாளை இந்தக் காரை விற்கப் போனால் நான் மீட்டரைத் திருத்தியவன் ஆகிவிடுவேன் என்பதால், மாற்றிய தேதியும் பழைய ஓட்டக் கணக்கும் குறித்த கடிதம் ஒன்று தங்கள் முத்திரையுடன் வேண்டும்.

பதினைந்து நாட்களுக்குள் எழுத்துமூலம் பதில் வராவிட்டால், மாவட்ட நுகர்வோர் குறைதீர் ஆணையத்தில் மனு அளிப்பேன்.

இப்படிக்கு,
கார் உரிமையாளர்

இணைப்பு: இரண்டு பில்களின் நகல், ஜாப் கார்டுகள், மல்டிமீட்டர் அளவீடு மற்றும் கனெக்டரின் புகைப்படங்கள்.