கரையும் நூலும் கரையும் உருண்டையும்

அன்புள்ள நண்பா,

உன் கடிதம் கிடைத்தது. குடல்வால் ஆபரேஷன் நல்லபடியாக முடிந்ததில் நிம்மதி. "உள்தையலைப் பிரிக்க வேண்டாமாம், தானாகக் கரைந்துவிடுமாம். கரைந்து எங்கேடா போகும்?" என்று கேட்டிருக்கிறாய். சரியான ஆளிடம்தான் கேட்டாய். நான் பகலெல்லாம் மல்லுக்கட்டுவது கிட்டத்தட்ட அதே சரக்கோடுதான்.

கரையும் தையல் நூல்களில் பலவும் லாக்டிக் அமிலமும் கிளைகாலிக் அமிலமும் கோத்த நீண்ட சங்கிலி. உடம்பிலுள்ள தண்ணீர் பட்டுப் பட்டுக் கண்ணி கண்ணியாக அறும். மிஞ்சும் அமிலத்தை உடம்பே எரித்துக் கரியமில வாயுவாகவும் தண்ணீராகவும் ஆக்கிவிடும். உன் நூல் அந்த வகையாக இருந்தால், முழுசாகக் கரைய இரண்டு மாதம் போல ஆகும். பயப்பட ஒன்றுமில்லை.

இதே சங்கிலிப் பாலிமரை (நாங்கள் பி.எல்.ஜி.ஏ. என்போம்) நூலாக இழுக்காமல், சில மைக்ரான் (மில்லிமீட்டரில் ஆயிரத்தில் ஒரு பங்கு) அளவு உருண்டைகளாக்கி உள்ளே மருந்தை வைத்தால் மெல்ல மெல்லக் கசியும். புரதம் போன்ற பெரிய மூலக்கூறுகளையும் பாலிமரிலிருந்து மெல்லக் கசியவிடலாம் என்று அமெரிக்க ஆய்வாளர்கள் லாங்கரும் ஃபோக்மனும் 1976-இல் காட்டியபோது பலர் நம்பவில்லையாம். 1989-இல் புராஸ்டேட் புற்றுநோய்க்கு மாதம் ஒரு முறை போடும் ஊசியே வந்துவிட்டது. தடுப்பூசிக்கும் இதே ஆசைதான்: ஒரு தடவை குத்தினால் போதும், பூஸ்டர் உள்ளேயே காத்திருக்கும். இரண்டு அமிலமும் சரிபாதி என்றால் சீக்கிரம் கரையும். லாக்டிக் பங்கு கூடக் கூட நாளும் கூடும். பத்து மைக்ரானுக்குள் இருந்தால் நோய் எதிர்ப்புச் செல்கள் ஏதோ கிருமி என்று நினைத்து அப்படியே விழுங்கிவிடும். அந்த ஏமாளித்தனம்தான் நமக்கு வசதி.

செய்வதைப் பார்த்தால் விளையாட்டு மாதிரி இருக்கும். தடுப்பூசிப் புரதம் கலந்த நீரைப் பாலிமர் கரைசலில் ஊற்றி அடிப்போம். அந்தக் கலவையை இன்னொரு நீரில் ஊற்றி மறுபடி அடிப்போம். துளிக்குள் துளி. பீக்கரில் வெள்ளை வெளேரென்று சுழலும். கரைப்பான் ஆவியாக ஆக உருண்டைகள் இறுகும். போன மாதம் உலர்த்தும் கருவி ராத்திரியில் நின்றுபோய், காலையில் பொடிக்குப் பதிலாக ஒரே கட்டியைச் சுரண்டி எடுத்தேன். ஒரு வார வேலை போச்சு.

ஆனால் உண்மையான தலைவலி அதுவல்ல. உருண்டை கரையும்போது அமிலம் வருகிறதல்லவா? அது சட்டென்று வெளியேறாமல் உள்ளேயே தேங்கும். சில உருண்டைகளின் உள்ளே பி.எச். (புளிப்பைக் காட்டும் எண்; குறையக் குறையப் புளிப்பு கூடும்) மூன்றுக்கும் கீழே போய்விடும். நாம் பத்திரமாக வைத்த புரதம் அந்தப் புளிப்பில் மடிப்புக் குலைந்து உருமாறிப்போகும். பொட்டலம் பிரிவதற்குள் சரக்கு கெட்டது போல. ஒற்றை ஊசி டெட்டனஸ் முயற்சிகளும் இங்கேதான் இடறின. மெக்னீசியம் ஹைட்ராக்சைடைச் சேர்த்தால் கொஞ்சம் தணியும். நெஞ்செரிச்சலுக்கு நீ குடிக்கும் அதே மருந்துதான், சிரிக்காதே.

அப்புறம் என் இன்னொரு வேலை, ஜீனைச் செல்லுக்குள் அனுப்புவது. டி.என்.ஏ.யை உருண்டைக்குள் வைத்தாலும் இந்த அமிலம் அதைக் கடிக்கும். போதாததற்கு, செல் விழுங்கியபின் உருண்டை செல்லுக்குள்ளேயே ஒரு பைக்குள் மாட்டிக்கொள்ளும். அந்தப் பையும் புளிப்பு. டி.என்.ஏ. அங்கிருந்து தப்பி உட்கருவுக்குப் போனால்தான் பலன். இங்கேதான் எனக்குப் பிடித்த தந்திரம். பாலி பீட்டா அமினோ எஸ்டர் என்று இன்னொரு பாலிமர் இருக்கிறது. சாதாரண பி.எச்.சில் கரையாமல் கிடக்கும். புளிப்பு கூடியதும் கரைந்துவிடும். அதை பி.எல்.ஜி.ஏ.யோடு கலந்தால், அந்தப் பைக்குள் போன உடனே உருண்டை அவிழ்ந்து டி.என்.ஏ.யை வெளியே விடும். புரதத்தில் என்னை அழவைத்த அதே புளிப்பு, இங்கே கதவைத் திறக்கும் சாவி. இரண்டையும் ஒரே மேஜையில் செய்வதால்தான் இந்த வேடிக்கை எனக்குத் தெரிகிறது.

2017-இல் லாங்கர் குழு, குட்டிக் கிண்ணம் வார்த்து, மருந்தை நிரப்பி, மூடியும் போட்டு ஒட்டிவிட்டது. கசிவே இல்லாமல், குறித்த நாளில் ஒரேயடியாகத் திறக்கும். பார்க்க அத்தனை அழகு! ஆனால் கோடிக்கணக்கில் வார்ப்பது எப்படி என்ற கேள்வி எனக்கு உறுத்திக்கொண்டே இருக்கிறது. பீக்கரில் அடித்துக் கலக்கும் எங்கள் முரட்டு வழியை அதனால்தான் இன்னும் விடமாட்டேன் என்கிறேன்.

தையல் அரித்தால் சொறியாதே. சிவந்து வீங்கினால் என்னைக் கேட்காமல் டாக்டரிடம் போ. இதோ பீக்கர் காத்திருக்கிறது, நாலு மணி நேரம் சுற்றிவிட்டது.

உன் பழைய பெஞ்சுத் தோழன்