பழி கியர்பாக்ஸ் மேல், தேய்ந்தது புஷ்

ஆசிரியருக்கு வணக்கம்.

பத்துப் பதினைந்து ஆண்டு ஓடிய காரில் கியர் லிவர் சேற்றில் நட்ட குச்சி போல ஆட ஆரம்பித்ததும், “கியர்பாக்ஸ் போச்சு, இறக்கித்தான் பார்க்கணும்” என்று தீர்ப்பு சொல்லிவிடுகிறார்கள். பெரும்பாலும் அது தவறான தீர்ப்பு. லிவருக்கும் கியர்பாக்ஸுக்கும் நடுவே இருக்கும் லிங்கேஜில், கட்டைவிரல் நகம் அளவுள்ள ஒரு பிளாஸ்டிக் புஷ்ஷோ ரப்பர் புஷ்ஷோ (இரண்டு பாகம் சேரும் இடத்தில் நடுவே உட்காரும் சிறு வளையம்) தேய்ந்திருக்கும். பழைய கார் வைத்திருக்கும் வாசகர்கள் பெட்டியை இறக்கச் சம்மதிக்கும் முன் எதையெல்லாம் பார்க்க வேண்டும் என்பதைச் சொல்லத்தான் இந்தக் கடிதம்.

சின்ன புஷ் தேய்ந்ததற்கா இவ்வளவு ஆட்டம் என்று தோன்றும். கணக்குப் போட்டால் புரியும். லிவர் திரும்பும் மையத்துக்கு மேலே நாப் (கையில் பிடிக்கும் குமிழ்) வரை 30 செ.மீ., கீழே 6 செ.மீ. என்று வைத்துக்கொள்வோம். கீழே 1 மி.மீ. தேய்ந்தால் மேலே 5 மி.மீ. ஆடும். நான்கு இணைப்புகளில் தலா அரை மி.மீ. தேய்ந்தால் கீழே 2 மி.மீ., கையில் 1 செ.மீ. தனியாகப் பார்த்தால் எந்தப் புஷ்ஷும் மோசமாகத் தெரியாது. ஒரு புஷ்ஷை மட்டும் மாற்றிவிட்டு “அப்படியேதான் இருக்கு” என்று சலித்துக்கொள்வதும் இதனால்தான்.

நியூட்ரலில் லிவர் இடம் வலமாக அசைவது பழுது அல்ல. ஒரு கியர் வரிசையிலிருந்து அடுத்த வரிசைக்குப் போக (கேட் மாற்ற) அந்த அசைவு வேண்டும். விட்டால் ஸ்பிரிங் அதை நடுவுக்குக் கொண்டுவந்துவிடும். ஆட்டத்தைக் கியரில் போட்டுத்தான் சோதிக்க வேண்டும். சமதளத்தில் நிறுத்தி, இன்ஜினை அணைத்து, ஹேண்ட் பிரேக் போட்டு, சக்கரத்துக்குக் கட்டை வைத்துவிட்டு மூன்றாவது கியரில் போடுங்கள். நாப்பை இரண்டு விரலால் அசைத்துப் பாருங்கள். சிறிது அசைவு புதுக் காரிலும் உண்டு. நியூட்ரலில் ஆடிய அளவுக்கே கியரிலும் ஆடினால் லிங்கேஜ் தேய்ந்திருக்கிறது.

எங்கே தேய்ந்தது என்பதைக் கண்ணைவிட விரல் நன்றாகச் சொல்லும். ஒருவர் உள்ளே உட்கார்ந்து லிவரை மெதுவாக அசைக்க, மற்றவர் ஒவ்வொரு இணைப்பிலும் விரலை வைக்க வேண்டும். பாதி விரல் இந்தப் பாகத்தில், பாதி அந்தப் பாகத்தில். ஒன்று நகர்ந்து மற்றது சற்றுப் பின்தங்கினால் விரல் நுனியில் ‘டிக்’ என்று படும். லிவரின் அடியில் தொடங்கி கியர்பாக்ஸ் வரை ஒன்றுவிடாமல் இப்படிப் பார்க்க வேண்டும். காருக்கு அடியில் போவதென்றால் ஸ்டாண்ட் கட்டாயம். ஜாக்கியை மட்டும் நம்பி யாரும் அடியில் படுக்கக் கூடாது.

கேபிள் வகை லிங்கேஜில் இரண்டு கேபிள்கள் இருக்கும்: ஒன்று முன்பின் அசைவுக்கு, இன்னொன்று இடவல அசைவுக்கு. எந்தத் திசையில் ஆட்டம் என்பதே எந்தக் கேபிள் என்று காட்டிவிடும். கேபிளின் நுனி, கியர்பாக்ஸில் உள்ள உருண்டைத் தலை ஸ்டட் மேல் பிளாஸ்டிக் புஷ்ஷுடன் உட்காரும். இன்ஜின் சூட்டில் அந்த பிளாஸ்டிக் மொறமொறவென்று ஆகி உடையும். முழுக்க உடைந்து கேபிள் கழன்றால் லிவர் எங்கே போனாலும் கியர் மாறாது. பலர் கவனிக்காத இடம், கேபிளின் வெளி உறையை பிராக்கெட்டில் பிடித்திருக்கும் கிளிப். அது தளர்ந்தால் உள்கம்பி இழுபடாமல் உறையே முன்னும் பின்னும் நகரும். புஷ் புதிதாக இருந்தும் ஆட்டம் குறையாது.

ராடு வகையில் ஒரு ராடு கியரை மாற்றும். மற்றது லிவரின் அடிப்பகுதியை கியர்பாக்ஸோடு பிடித்து நிறுத்தும். மெக்கானிக்குகள் முதல் ராடின் புஷ்ஷை மாற்றுவார்கள், இரண்டாவதை மறந்துவிடுவார்கள். அதன் ரப்பர் கிழிந்தால் லிவரின் அடித்தளமே மிதக்கும். ஆக்சிலரேட்டரை அழுத்தி விடும்போதெல்லாம் லிவர் தானாக முன்னும் பின்னும் போய்வந்தால் இன்ஜினைத் தாங்கிப் பிடிக்கும் மவுன்டிங்கையும் சேர்த்துப் பாருங்கள்.

லிவர் நேரடியாக கியர்பாக்ஸ் மேலேயே இறங்கும் பழைய பின்சக்கர இயக்கக் கார்களில் அடியில் லிவரின் நுனி உட்கார கிண்ணம் போன்ற ஒரு நைலான் குப்பியும், அழுத்திப் பிடிக்க ஸ்பிரிங்கும் மூடியும் இருக்கும். திறக்கும் முன் சுற்றிலும் மண்ணைத் துடைத்துவிடுங்கள். லிவரை எடுத்ததும் துளையைச் சுத்தமான துணியால் மூடுங்கள். குப்பி உடைந்திருந்தால் துண்டுகளை ஒட்டிப் பார்த்து, ஒன்றும் குறையவில்லை என்று உறுதிசெய்த பிறகே மூட வேண்டும். உள்ளே விழுந்த துண்டு பல்லுக்கு நடுவே போய்ச் சேரும்.

எந்த வகையானாலும் கழற்றும் முன் வாஷர்கள் எந்த வரிசையில் இருக்கின்றன என்று போட்டோ எடுத்துக்கொள்ளுங்கள். லிங்கேஜின் அட்ஜஸ்ட்மென்ட்டை இறுக்கிப் பிடிக்கும் கிளாம்ப் இருக்கும் இடத்தில் பெயின்டால் ஒரு கோடு போடுங்கள். இந்த ஒரு கோடு அரைநாள் வேலையை மிச்சப்படுத்தும். பழைய கிரீஸை மண்ணெண்ணெயால் கழுவித் துடைத்துக் காய வையுங்கள். நைலான் புஷ்ஷைச் சுடுநீரில் ஐந்து நிமிடம் போட்டால் இளகி, கட்டைவிரல் அழுத்தத்திலேயே உட்காரும். சுத்தியலால் தட்டினால் விளிம்பு பிளக்கும். ரப்பர் புஷ்ஷை உள்ளே தள்ளச் சோப்புத் தண்ணீர் போதும். சாதாரண கிரீஸ் பட்டால் ரப்பர் ஊதிப்போகும், சிலிக்கோன் கிரீஸ்தான் சரி. நைலானுக்கு லித்தியம் கிரீஸ் மெல்லிய பூச்சாக. இரும்புக் குழலோடு ஒட்டி வார்த்த ரப்பர் புஷ்ஷுக்கு எந்தக் கிரீஸும் வேண்டாம், அதன் போல்ட்டை லிவர் நியூட்ரலில் இருக்கும்போதுதான் இறுக்க வேண்டும். வேறு நிலையில் இறுக்கினால் ரப்பர் முறுக்கிக்கொண்டு லிவரை எப்போதும் ஒரு பக்கம் இழுக்கும், சீக்கிரம் கிழியும்.

புதுப் புஷ் போடும் முன் உருண்டைத் தலையையும் இணைப்புப் பின்னையும் வெர்னியர் அளவுகோலால் இரண்டு திசையில் அளக்க வேண்டும். கால் மி.மீ. வித்தியாசம் இருந்தாலே அது முட்டை வடிவமாகத் தேய்ந்திருக்கிறது. அதன் மேல் எந்தப் புஷ் போட்டாலும் நிற்காது, அந்தப் பாகத்தையே மாற்றுங்கள். ஸ்ப்ளிட் பின், நைலாக் நட், ரோல் பின் மூன்றும் புதிதாகவே போடுங்கள். தேய்ந்த ஓட்டைக்கு வெல்டிங் வைப்பது, ரப்பர் டியூப் துண்டைச் சுற்றுவது எல்லாம் என் பார்வையில் வேலையே இல்லை. வழியில் கழன்ற கேபிளை பிளாஸ்டிக் டேக்கால் கட்டி வீடு வந்து சேரலாம், அவ்வளவுதான். பித்தளை, பாலியூரித்தேன் புஷ் போட்டால் லிவர் கெட்டியாக இருக்கும். அதிர்வும் சத்தமும் உள்ளே வரும். தினசரி ஓட்டும் காருக்கு பழைய வகைப் புஷ்ஷே மேல்.

அட்ஜஸ்ட்மென்ட்டில்தான் நல்ல வேலையும் கெடுகிறது. சில கார்களில் லிவரின் அடித்தளத்தில் பூட்டுத் துளை இருக்கும். நியூட்ரலில் அதற்குள் பின்னைச் செருகி, கியர்பாக்ஸ் பக்கமும் நியூட்ரலில் இருப்பதைப் பார்த்துக்கொண்டு கிளாம்பை இறுக்க வேண்டும். பிறகு ரிவர்ஸ் உட்பட எல்லாக் கியரும் விழுகிறதா என்று பாருங்கள். இன்ஜின் அணைந்திருக்கும்போது ஏதாவது ஒன்று மறுத்தால் பயப்பட வேண்டாம், நியூட்ரலில் காரைச் சற்று உருட்டிவிட்டு மறுபடி போடுங்கள்.

அடுத்து, மேல் உறையை விலக்கி இரண்டாவதிலும் நான்காவதிலும் போட்டு, லிவருக்கும் கன்சோல் விளிம்புக்கும் இடையே சில மி.மீ. இடைவெளி மிஞ்சுகிறதா என்று கட்டாயம் பாருங்கள். லிவர் கன்சோலில் இடித்து நின்றால் கியர்பாக்ஸுக்குள்ளே கியரைக் கவ்வும் ஸ்லீவ் என்ற வளையம் முழுத் தூரம் போகாது. பற்கள் நுனியில் மட்டும் கவ்வும், சுமை வந்ததும் கியர் ஸ்லிப் ஆகும், அதாவது தானாகக் கழன்று நியூட்ரலுக்கு வந்துவிடும். தேய்ந்த புஷ்ஷோடு மாதக்கணக்கில் ஓட்டினாலும் இதே கதைதான். பல் நுனிகள் மழுங்கிவிட்டால் அப்போது பெட்டியை இறக்கத்தான் வேண்டும்.

லிங்கேஜ் கெட்டியாக இருந்தும் ஒரே கியர் மட்டும் திரும்பத் திரும்ப ஸ்லிப் ஆனால் கியர்பாக்ஸுக்குள் பல், ஸ்லீவை நகர்த்தும் ஃபோர்க், கியரை அதன் இடத்தில் நிறுத்தும் டீடென்ட் ஸ்பிரிங் பக்கம் கோளாறு. ஒரு கியரில் போடும்போது மட்டும் கரகரவென்றால், கியர் விழும் முன் வேகத்தைச் சமப்படுத்தும் சிங்க்ரோ தேய்ந்திருக்கும். இன்ஜின் அணைந்திருக்கும்போது எல்லாம் சுலபமாக விழுந்து, ஓடும்போது எல்லாமே முரண்டு பிடித்தால் கிளட்ச் சரியாக விடவில்லை. இவை எதற்கும் புஷ் மருந்தல்ல.

வேலை முடிந்து 300, 400 கி.மீ. ஓடியதும் கிளாம்ப் போல்ட்டை ஒருமுறை ஸ்பேனர் போட்டுப் பாருங்கள். பெயின்ட் கோடு நகர்ந்திருந்தால் பிடி தளர்ந்திருக்கிறது. அட்ஜஸ்ட்மென்ட்டை மீண்டும் முதலிலிருந்து செய்ய வேண்டும்.

இப்படிக்கு,
பழைய கார்களைப் பழுதுபார்க்கும் வாசகர்