கையால் சுற்றுகிற வீலே போதும், சேகர்

கோயம்புத்தூர்

அன்புள்ள சேகர்,

நலம். அங்கே வீட்டில் எல்லோரும் நலம்தானே? இங்கே சின்னவளுக்குக் கல்லூரியில் இடம் கிடைத்துவிட்டது. மாடியில் நான் டெலஸ்கோப் நிறுத்துகிற மூலையில் துணி காயப்போடக் கொடி கட்டிவிட்டார்கள். என் பேச்சு இந்த வீட்டில் எப்போது எடுபட்டது?

வானத்தைப் படமெடுக்க மோனோ கேமரா, அதாவது கறுப்பு வெள்ளையில் மட்டும் எடுப்பது, வந்துவிட்டது என்று எழுதியிருந்தாய். சந்தோஷம் மக்கா. ஃபில்டர்களை ஒவ்வொன்றாகக் கேமராவுக்கு முன்னால் கொண்டுவருகிற ஃபில்டர் வீல் மட்டும் கையால் சுற்றுவதா, மோட்டார் வைத்ததா என்று கேட்டிருக்கிறாய். கடைக்காரரைக் கேட்டால் மோட்டார் என்பார். நான் எதைப் படமெடுக்கப் போகிறாய் என்று கேட்பேன். அதையும் நீயே எழுதிவிட்டாய்: கரீனா நெபுலா, வானத்தில் ஒளிரும் அந்த வாயு மேகம்.

அதில் உன்மேல் எனக்குப் பொறாமைதான். வான நடுக்கோட்டுக்குத் தெற்கே கிட்டத்தட்ட 60 டிகிரியில் கிடக்கிறது அது. டெல்லிக்காரருக்குத் தொடுவானத்தை விட்டு ஒன்றரை டிகிரிகூட ஒழுங்காக எழும்பாது. உன் நாகர்கோவில் மொட்டைமாடியில் உச்சிக்கு வரும்போது 22 டிகிரி உயரம் இருக்கும், மார்ச் தொடக்கத்தில் நள்ளிரவை ஒட்டி. 18 டிகிரிக்கு மேலே நிற்பது சுமார் 4 மணி நேரம். அதற்குக் கீழே போனால் கடல் ஈரமும் புகைமூட்டமும் தின்றுவிடும்.

இந்த 4 மணி நேரத்தை எப்படிப் பிரிப்பாய்? காற்று மண்டலம் முதலில் குறைப்பது நீலத்தையும் பச்சையையும்தான். ஆகவே 501 நானோமீட்டர் ஆக்சிஜன் ஃபில்டரை உச்சி நேரத்துக்கு வைத்துக்கொள். ஏறும்போது ஹைட்ரஜன், 656. இறங்கும்போது சல்ஃபர், 672. இரண்டும் சிவப்பு, தாழ்வைத் தாங்கும். ஆக ஒரு ராத்திரியில் வீலைத் திருப்புவது இரண்டே தடவை. அதற்கு ஒரு மோட்டார், ஒரு யூஎஸ்பி வயர், ஒரு டிரைவர் மென்பொருள் தகராறு தேவையா?

கைவீலின் விளிம்பு பெட்டிக்கு வெளியே கொஞ்சம் நீட்டிக்கொண்டிருக்கும். விரலால் தள்ளினால் பழைய டிவியின் சேனல் குமிழ் மாதிரி ‘டக்’கென்று அடுத்த இடத்தில் உட்காரும். எந்த ஃபில்டர் என்பதற்குச் சின்னத் துளையில் எண் தெரியும். சிவப்பு டார்ச் போதும். தள்ளுவதற்கு முன் கைடிங்கை, அதாவது ஒரு நட்சத்திரத்தைப் பார்த்து டெலஸ்கோப்பின் ஓட்டத்தைத் திருத்துவதை, நிறுத்து. தள்ளியபின் டெலஸ்கோப்பைத் தாங்கும் மவுண்டின் ஆட்டம் அடங்கட்டும். படமெடுப்பதை நடத்துகிற நினா மென்பொருளில் ‘மேனுவல் வீல்’ என்று போட்டுவிட்டால், ஃபில்டர் மாற்ற வேண்டிய இடத்தில் அதுவே நின்று உன்னைக் கூப்பிடும். விரல் நுழையும் அந்த இடைவெளியில் வெளிச்சமும் நுழையும். படம் ஓடும்போது கறுப்பு டேப் ஒட்டிவிடு.

‘தூங்கலாம் என்றுதான் மோட்டார் கேட்கிறேன்’ என்பாய். தூங்க முடியாது. ஃபில்டருக்கு ஃபில்டர் ஃபோகஸ் கொஞ்சம் நகரும். கண்ணாடியின் தடிமனில் மூன்றில் ஒரு பங்கு அளவுக்கு ஃபோகஸ் பின்னால் போகும், தடிமன் கொஞ்சம் மாறினாலும் இதுவும் மாறும். போதாததற்கு லென்ஸே ஒவ்வொரு நிறத்தையும் கொஞ்சம் வேறு இடத்தில் குவிக்கும். எஃப் 5 டெலஸ்கோப்பில் (குவியத் தூரம் விட்டத்தைப்போல் 5 மடங்கு) ஆக்சிஜன் ஃபில்டருக்கு ஃபோகஸ் சரியாக இருக்கிற எல்லை மொத்தமே சுமார் 0.06 மில்லிமீட்டர். ஃபோகஸுக்கு மோட்டார் இல்லாமல் வீலுக்கு மட்டும் மோட்டார் வைத்தால், அது பாட்டுக்கு ஃபில்டரை மாற்றிவிட்டு விடியும்வரை மங்கல் படமாக எடுத்துக் குவிக்கும். கைவீல் வாங்கி மிச்சமாகிற பணத்தை ஃபோகஸ் மோட்டாரில் போடு. முதலில் அதுதான் வேண்டும்.

கைவீல் உண்மையில் தோற்பது ஃபிளாட் எடுக்கும்போது, அதாவது தூசி நிழலைப் படத்திலிருந்து நீக்க சீரான வெளிச்சத்தை எடுக்கிற படம். ஃபில்டர்மேல் உள்ள தூசியின் நிழல் படத்திலும் ஃபிளாட்டிலும் ஒரே இடத்தில் விழ வேண்டும். கையால் சுற்றித் திரும்பக் கொண்டுவந்தால் மயிரிழை தள்ளி உட்காரும். தூசி வளையம் படத்தில் அப்படியே நிற்கும். அதனால் ஒரு ஃபில்டர் முடிந்ததும் வீலைத் தொடாமல், டெலஸ்கோப் வாயில் லைட் பேனலை வைத்து அப்போதே ஃபிளாட் எடுத்துவிடு. அதன் பிறகு திருப்பு. மோட்டார் வீலிலும் இந்த ஆட்டம் உண்டு. அதற்காகவே டிரைவரில் ஒரே திசையில் மட்டும் சுற்றும்படி வைக்க வழி கொடுத்திருக்கிறார்கள்.

மோட்டாரே வேண்டாம் என்று சொல்லவில்லை. இருட்டான மலையில் சிவப்பு, பச்சை, நீலம் என்று கேலக்ஸி எடுக்கப் போனால் நானும் அதைத்தான் எடுத்துப்போவேன். மேகம் எப்போது வரும் என்று தெரியாத ஊரில், மூன்றையும் மாற்றி மாற்றி எடுத்தால்தான் நீலம் இல்லாமல் வீடு திரும்பாமல் இருக்கலாம். வியாழனுக்கும் அப்படியே. 10 மணி நேரத்துக்குள் ஒரு சுற்று முடிக்கிற கிரகம், நாம் விரலால் தள்ளித் தள்ளி ஃபோகஸ் பார்ப்பதற்குள் நகர்ந்துவிடும்.

ஆனால் மோட்டார் என்றால் மாட்டவே மாட்டாது என்று நினைக்காதே. 2022 ஆகஸ்டில் ஜேம்ஸ் வெப் டெலஸ்கோப்பின் மிரி என்ற அகச்சிவப்புக் கருவியில் ஒரு சக்கரம் உராய்வோடு சுற்றியது. 15 லட்சம் கிலோமீட்டருக்கு அப்பால் யார் விரல் வைப்பது? அந்தச் சக்கரம் வேண்டிய பயன்முறையையே நவம்பர் வரை நிறுத்தி வைத்தார்கள்.

மோட்டாரைவிட அளவைப் பற்றி யோசி. உன் 533 கேமராவின் சென்சார் மூலைக்கு மூலை 16 மில்லிமீட்டர்தான், ஒன்றேகால் இஞ்ச் ஃபில்டர் தாராளம். ஆனால் பின்னால் பெரிய சென்சார் உள்ள ஏபிஎஸ்-சி கேமராவுக்குப் போகும் எண்ணம் இருந்தால் அது 28 மில்லிமீட்டர், மூலைகள் இருண்டுவிடும். அப்படியென்றால் இப்போதே 36 மில்லிமீட்டர் ஃபில்டர் வாங்கு. வீலை மாற்றலாம், ஃபில்டர் செட்டை இரண்டு தடவை வாங்க நம்மிடம் வசதி ஏது?

வீலின் தடிமன் எவ்வளவு என்று பார்த்து எழுது. டெலஸ்கோப்பின் பின்பக்க லென்ஸ் சட்டத்திலிருந்து சென்சார் வரை வேண்டிய 55 மில்லிமீட்டர் பின்தூரத்தில் கேமராவுக்கு 17.5 போக மீதியில்தான் வீலும் வளையங்களும் அடங்க வேண்டும். ஃபில்டர் கண்ணாடிக்காக ஒரு மில்லிமீட்டர்வரை கூட்டிக்கொள். என்னிடம் இடைவெளி நிரப்பும் ஸ்பேசர் வளையங்கள் சில சும்மா கிடக்கின்றன. பொருந்துகிற அளவு இருந்தால் பார்சலில் போடுகிறேன்.

அன்புடன்,
ராமு