உழைத்தது கூப்பர், பெயர் ஃபெராரிக்கா?

மதிப்பிற்குரிய ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். தங்கள் இதழின் கார் பந்தயச் சிறப்புக் கட்டுரையில், எஞ்சினை ஓட்டுநருக்குப் பின்னால் வைத்துப் பந்தய உலகுக்கு வழிகாட்டியது ஃபெராரி என்று ஒரு வரி வந்திருக்கிறது. நெடுநாள் வாசகன் என்ற உரிமையில் சொல்கிறேன், மனம் நொந்துபோனது. வழிகாட்டியது கூப்பர் என்ற ஆங்கிலேயப் பந்தயக் கார் நிறுவனம். ஃபெராரி பின்னால் வந்து சேர்ந்தது.

தங்களுக்குத் தெரியாததல்ல. லண்டனை ஒட்டிய சர்பிட்டனில் சார்லஸ் கூப்பரும் மகன் ஜானும் ஒரு கராஜ் நடத்தினார்கள். போர் முடிந்து எல்லாவற்றுக்கும் தட்டுப்பாடு இருந்த 1946-இல், இரண்டு ஃபியட் டோப்போலினோ கார்களின் முன்பக்கத்தை எடுத்து, முன்னுக்கு ஒன்று பின்னுக்கு ஒன்றாக இணைத்து ஒரு பந்தயக் காரைக் கட்டினார்கள். 500 சிசி மோட்டார் சைக்கிள் எஞ்சின் ஓட்டுபவரின் முதுகுக்குப் பின்னால் உட்கார்ந்தது, சங்கிலி பின்சக்கரத்தைச் சுழற்றியது. 1930-களிலேயே ஜெர்மனியின் ஆட்டோ யூனியன் எஞ்சினைப் பின்னால் வைத்து வென்றது உண்மைதான். ஆனால் போருக்குப் பின் கிராண்ட் பிரீ எனும் உயர்நிலைக் கார் பந்தயங்களில் அந்த வழியை நிலைநாட்டியது இந்தக் கராஜ்தான்.

1958 ஜனவரி, அர்ஜென்டினாவின் பியூனஸ் அயர்ஸில் கிராண்ட் பிரீ. ராப் வாக்கர் என்பவரின் தனியார் அணிக்காகக் கூப்பர் காரை ஓட்டினார் ஆங்கிலேய வீரர் ஸ்டிர்லிங் மாஸ். தீயணைப்பு பம்புகளுக்கு எஞ்சின் செய்துவந்த கவென்ட்ரி கிளைமாக்ஸின் 2 லிட்டருக்குட்பட்ட எஞ்சின், எதிரே 2.4 லிட்டர் ஃபெராரிகள். கூப்பரின் சக்கரத்துக்கு நான்கு போல்ட், டயர் மாற்றக் கழற்றி மாட்டினால் அந்த நேரத்தில் பந்தயமே போய்விடும். மாற்று டயர்களைப் பிட்டில், அதாவது பாதையோரப் பழுதுபார்க்கும் இடத்தில், எடுத்துவைத்து, மாஸ் டயர் மாற்ற நிற்பார் என்று எதிரணியை நம்பவைத்தார்கள். மாஸ் கடைசிவரை நிற்கவே இல்லை. டயரின் ரப்பர் தேய்ந்து உள்ளே இருக்கும் கேன்வாஸ் துணி தெரிய, 2.7 வினாடி வித்தியாசத்தில் ஜெயித்தார். தோற்றது யார்? இத்தாலிய வீரர் முஸோ ஓட்டிய ஃபெராரி! 1959, 1960 இரண்டு ஆண்டும் ஜாக் பிராபம் கூப்பரில் உலகச் சாம்பியன். 1960 மொனாக்கோ கிராண்ட் பிரீயில்தான் ஃபெராரி தன் முதல் பின்-எஞ்சின் காரை இறக்கியது.

கோயம்புத்தூர் லேத் பட்டறையில் காலம் கழித்தவன் நான். எங்கள் ஊர் பந்தய வீரர் கரிவரதன், ஃபார்முலா மாருதி என்ற ஒற்றை இருக்கைப் பந்தயக் காரை உருவாக்கிய காலத்தில், அந்த மாதிரி கார் ஒன்றுக்கு வீல் ஹப் கடைந்து கொடுத்திருக்கிறேன். அதிலும் மாருதி 800 எஞ்சின் ஓட்டுபவரின் முதுகுக்குப் பின்னால்தான். முன் எஞ்சினிலிருந்து பின்சக்கரத்துக்கு விசை கொண்டுபோகும் புரொப்பல்லர் ஷாஃப்ட் கீழே ஓடாததால் ஆள் தரையோடு தரையாகப் படுத்த மாதிரி உட்காரலாம். கார் தாழ்ந்துவிடும், எதிர்க்காற்று குறையும். ஒருமுறை அதில் உட்கார்ந்து பார்த்தவனுக்கு கூப்பர்கள் செய்த வேலையின் அருமையை யாரும் எடுத்துச் சொல்ல வேண்டியதில்லை. எஞ்சினை வெளியே வாங்கி கார் கட்டிய ஆங்கிலேயர்களை ஃபெராரி நிறுவனர் என்ஸோ ஃபெராரி 'கராஜ்காரர்கள்' என்று ஏளனம் செய்தார். தங்கள் கட்டுரையும் அந்தக் கராஜ்காரர்களை வாசலிலேயே நிறுத்திவிட்டது.

இது முதல் தடவையும் அல்ல. முன்பு மினி கூப்பர் கார் பற்றி இரண்டு பக்கம் எழுதினீர்கள். திரை எத்தனை அங்குலம், சீட் என்ன நிறம், விலை எவ்வளவு, எல்லாம் இருந்தது. அந்தக் கூப்பர் இதே ஜான் கூப்பர்தான் என்பதற்கு ஒரு வரி இல்லை. 1964, 1965, 1967 என்று மான்டி கார்லோ ராலியை அந்தச் சின்னக் கார் வென்றதற்கும் இடமில்லை. அப்போதே கடிதம் எழுதினேன். பிரசுரிக்கவில்லை, பதிலும் இல்லை. பந்தயம் என்றாலே சிவப்பு ஃபெராரி கார் படம் போட்டால் போதும் என்று ஆகிவிட்டது. பட்டறையில் வேலை செய்பவர்களும் தங்கள் வாசகர்கள்தான் என்பதைத் தாழ்மையுடன் நினைவூட்டுகிறேன்.

அடுத்த இதழில் இரண்டு வரித் திருத்தம் போடுங்கள். கூப்பர் பெயரும் சர்பிட்டன் ஊரும் 1958-ஆம் ஆண்டும் அதில் இருக்கட்டும். இடமிருந்தால் மாஸ் ஓட்டிய அந்தக் காரின் படத்தையும் வெளியிட வேண்டுகிறேன்.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற டர்னர்,
கோயம்புத்தூர்