வரிவிலக்குக்குப் பதில் எத்தனை கட்டில்?

அன்புள்ள சீனு,

போன வாரம் பேச்சைப் பாதியிலேயே முடித்துவிட்டேன், கோபமெல்லாம் இல்லை, அன்றைக்குத்தான் அத்தையை டிஸ்சார்ஜ் செய்து கூட்டி வந்தோம். இப்போது வாக்கரைப் பிடித்துக்கொண்டு வாசல் வரைக்கும் நடக்கிறார். பெரியவள் பிளஸ் டூ முடித்துவிட்டாள்.

சரி, நீ கிளப்பிய விஷயத்துக்கு வருகிறேன். அறக்கட்டளைகள் நடத்துகிற டிரஸ்ட் ஆஸ்பத்திரிகளுக்கு வருமான வரிவிலக்கே கூடாது என்றாய். எனக்கு அப்படிச் சொல்ல வாய் வரவில்லை. டாக்டர் வெங்கடசாமி 1976-இல் இங்கே மதுரையில் அரவிந்த் என்ற டிரஸ்ட் கண் ஆஸ்பத்திரியை ஆரம்பித்தபோது இருந்தது 11 கட்டில். அப்பாவுக்குக் கண்புரை அங்கேதான் எடுத்தார்கள், ஒரு ரூபாய் வாங்கவில்லை. கட்டைப் பிரித்ததும் அப்பா முதலில் சொன்னது அம்மா சேலையின் நிறத்தை. காசு கட்டிப் பார்த்துக்கொள்கிறவர்களின் பணத்தில்தான் அந்த இலவச ஆபரேஷன்கள் நடக்கின்றன. அதில் போய் வரி பிடித்தால் யாருடைய கட்டில் குறையும், சொல்லு?

ஆனால் அத்தையைச் சேர்த்ததும் ஒரு டிரஸ்ட் ஆஸ்பத்திரிதான். இடுப்பு எலும்பு முறிந்து ஸ்ட்ரெச்சரில் கிடக்கிறார், அட்வான்ஸ் கட்டின ரசீதைக் காட்டினால்தான் வார்டு என்றுவிட்டார்கள். ராத்திரி பதினொன்றரை மணிக்கு நானும் மச்சானும் ஏடிஎம் ஏடிஎம்மாக அலைந்தோம். கவுண்டருக்குப் பின்னால் சுவரில், நன்கொடை கொடுத்தால் 80ஜி வரிச் சலுகை உண்டு என்று பிரேம் போட்டு மாட்டியிருந்தது. ஏழைகளுக்கு இத்தனை கட்டில் இலவசம் என்று எங்கேயும் எழுதியிருக்கவில்லை. கேட்டுப் பார்த்தேன், கவுண்டரில் இருந்த பெண்ணுக்கே தெரியவில்லை, பாவம்.

சட்டமே அதைக் கேட்பதில்லை சீனு. வருமான வரிச் சட்டத்தில் மருத்துவ உதவி என்றாலே தர்ம காரியம்தான். வருமானத்தில் 85 சதவீதத்தை டிரஸ்ட் வேலைக்குச் செலவழித்தால் போதும், புதிதாக ஸ்கேன் மெஷின் வாங்கினாலும் ஏசி வார்டு கட்டினாலும் அந்தக் கணக்கில் சேர்ந்துவிடும். இத்தனை ஏழைகளுக்குப் பார்த்தாயா என்று அதில் கேள்வியே கிடையாது.

உங்கள் மகாராஷ்டிராவில் இருக்கிறதே. அறக்கட்டளைச் சட்டத்தின் கீழ் பம்பாய் ஹைகோர்ட் 2006-இல் ஒரு திட்டம் போட்டது: 10 சதவீதக் கட்டில் இலவசம், இன்னொரு 10 சதவீதம் சலுகைக் கட்டணத்தில், அப்புறம் பில் தொகையில் 2 சதவீதத்தை ஏழை நோயாளிகளுக்கென்று தனியாக ஒதுக்கிவைக்க வேண்டும். இதை நாடு முழுக்க வரிவிலக்கோடு சேர்த்துக் கட்டிவிட வேண்டும் என்கிறேன். எந்த வருஷம் கட்டில் கணக்கு காட்டவில்லையோ, அந்த வருஷம் விலக்கு இல்லை.

காகிதத்தில் இருப்பது வார்டில் நடக்கிறதா என்று இங்கிருந்து எனக்கெப்படித் தெரியும்? ஒருநாள் வேலை முடிந்து வரும்போது, உன் வீட்டுப் பக்கத்து டிரஸ்ட் ஆஸ்பத்திரிக்குள் போய், இலவசக் கட்டில் வேண்டுமென்றால் யாரைப் பார்க்க வேண்டும் என்று கேட்டுப் பார். என்ன சொன்னார்கள் என்று அப்படியே எழுது.

அன்புடன்,
குமார்