மாவுக்கட்டுப் படம்

அன்புள்ள சேகர்,

கடிதம் கிடைத்தது. பேரன் பிறந்த செய்தி கேட்டு வீட்டில் எல்லோருக்கும் சந்தோஷம். பெயர் வைத்ததும் எழுது.

"அடிக்காமல் கேட்டால் எந்தத் திருடன்டா உண்மையைச் சொல்வான்?" என்று கேட்டிருக்கிறாய். டீக்கடையிலும் இதே பேச்சுதான். போலீஸ் பிடித்துப்போன ஒருவன் கையில் மாவுக்கட்டோடு நிற்கும் படம் பேப்பரில் வரும். பாத்ரூமில் வழுக்கி விழுந்தானாம். "அந்த பாத்ரூமைக் கொஞ்சம் கழுவக் கூடாதா?" என்று யாராவது சொல்ல, கடையே சிரிக்கும். 2020-ல் சாத்தான்குளத்தில் அப்பாவும் மகனும் போலீஸ் அடியில் செத்ததைக் கேட்டுக் கொதித்தவர்கள்தான் இவர்களும். நானும் சேர்ந்து சிரித்திருக்கிறேன்.

நீ வக்கீல் குமாஸ்தாவாக இருந்தவன், உனக்குத் தெரியாததா? போலீஸிடம் ஒத்துக்கொண்டது கோர்ட்டில் செல்லாது என்று 1872 சாட்சியச் சட்டமே சொல்லிவிட்டது. ஆனால் 27-வது பிரிவில் ஒரு சந்து: சொன்னதை வைத்துப் பொருளைக் கண்டெடுத்தால் அந்த அளவுக்குச் செல்லும். அதற்குப் பதிலாக வந்த புதுச் சட்டத்திலும் அது அப்படியே இருக்கிறது. அடி விழுவது அந்த 'ரெக்கவரி'க்காக. சித்திரவதைக்கு எதிரான ஐ.நா. உடன்படிக்கையில் 1997-ல் கையெழுத்துப் போட்டதோடு சரி, நம் நாடு இன்னும் அதை ஏற்று உறுதி செய்யவில்லை.

2025 ஜூனில் மடப்புரம் கோயில் காவலாளியைக் காரில் வைத்த நகை காணோம் என்ற புகாரில் கூட்டிப்போய் அடித்தே கொன்றார்கள் இல்லையா, அன்று ராத்திரி எனக்குத் தூக்கமே வரவில்லை. காரணத்தை உன்னிடம் மட்டும் சொல்கிறேன்.

பல வருஷம் முன்பு உன் தங்கச்சியின் நாலு பவுன் சங்கிலி காணாமல் போனது. ஸ்டேஷனில் ரைட்டர் பேனாவைத் திறந்துகொண்டு, "யார் மேல சந்தேகம்? ஒரு பேர் சொல்லுங்க சார்" என்றார். அந்த வாரம் குழாய் ரிப்பேருக்கு வந்த பையன் பெயரைச் சொன்னேன். சந்தேகம் என்றுகூடச் சொல்ல முடியாது, வாயில் வந்தது அவ்வளவுதான். இரண்டு நாள் வைத்திருந்தார்கள். எடுத்தேன் என்று ஒத்துக்கொண்டானாம். விற்ற இடம் என்று ஒரு அடகுக்கடையைக்கூடக் கைகாட்டியிருக்கிறான். அங்கே ஒன்றும் கிடைக்காததால் விட்டுவிட்டார்கள்.

பொங்கலுக்கு வீட்டை ஒழித்தபோது பழைய மெத்தை உறைக்குள்ளிருந்து சங்கிலி விழுந்தது.

இப்போதும் தெருவில் பார்த்தால், "நல்லா இருக்கீங்களா சார்?" என்று கேட்கிறான். வலது காலைக் கொஞ்சம் இழுத்துத்தான் நடக்கிறான். சங்கிலி கிடைத்ததை இதுவரை அவனிடம் சொல்லவில்லை. குழாய் ஒழுகினால் வேறு ஆளைத்தான் கூப்பிடுகிறோம்.

அன்புடன்,
முருகேசன்